உடைந்த ஹீட்டர் லீவரைப் பழுதுபார்த்தல்: 1973–87 ஷெவர்லே, ஜிஎம்சி பிக்கப் டிரக்குகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973ஆம் ஆண்டு முதல் 1987 வரை தயாரித்த ஷெவர்லே, ஜிஎம்சி பிக்கப் டிரக்குகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்றும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் உதிரிபாகம் கிடைப்பது கடினமன்று. ஆனால் டேஷ்போர்டின் நடுவில் இருக்கும் ஹீட்டர் கட்டுப்பாட்டு லீவர் ஒருநாள் கையோடு முறிந்து வந்துவிட்டால், மிச்சிகனிலோ மினசோட்டாவிலோ ஜனவரி மாதத்தில் அந்த வண்டியை ஓட்ட முடியாது. குளிரைக் கம்பளிச் சட்டையால் தாங்கிக்கொள்ளலாம்; முன்கண்ணாடியில் படியும் பனியையும் மூச்சாவியையும் நீக்க வெப்பக் காற்றைத் தவிர வேறு வழியில்லை. அமெரிக்கக் கூட்டரசின் வாகனப் பாதுகாப்புத் தரங்களில் 103ஆம் எண்ணுள்ள தரம் முழுக்க முழுக்க முன்கண்ணாடியைத் தெளிவாக்கும் அமைப்பைப் பற்றியது. ஆகவே இந்தப் பழுதை வசதிக்குறைவாக எண்ணித் தள்ளிப்போடாமல், பிரேக் பழுதுக்குத் தரும் கவனத்தை இதற்கும் தரவேண்டும்.

இந்த வழிகாட்டி, ஏசி இல்லாத, கேபிள்களால் இயங்கும் அமைப்பை அடிப்படையாகக் கொண்டது. ஏசி உள்ள வண்டிகளில் காற்றின் திசையை மாற்றும் மடல்கள் எஞ்சினிலிருந்து வரும் வெற்றிட இழுவிசையால் இயங்குகின்றன. அவற்றைப் பற்றித் தனியே சொல்லியிருக்கிறேன்.

அமைப்பு எப்படி இயங்குகிறது

முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள துளைகளின் வழியாக வெளிக்காற்று நுழைகிறது. எஞ்சின் அறைக்குள், பயணி இருக்கும் பக்கத்துத் தடுப்புச் சுவரில் பொருத்தப்பட்ட ப்ளோயர் மோட்டார் அதை உள்ளே தள்ளுகிறது. எஞ்சினிலிருந்து வரும் சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்), ஹீட்டர் கோர் எனப்படும் சிறிய ரேடியேட்டருக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெப்பநிலை லீவரை நகர்த்தும்போது கூலன்ட்டின் ஓட்டம் மாறுவதில்லை; காற்றில் எவ்வளவு பங்கு கோரின் வழியாகச் செல்லவேண்டும், எவ்வளவு பங்கு அதைச் சுற்றிச் செல்லவேண்டும் என்று பிரிக்கும் ஒரு மடல்தான் திரும்புகிறது. இன்னொரு மடல், காற்றைக் கால்பக்கம் விடுவதா முன்கண்ணாடிக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்கிறது. ஒவ்வொரு மடலுக்கும் டேஷ்போர்டிலிருந்து ஒரு கேபிள் செல்கிறது. வேறு நிறுவனங்களின் பழைய டிரக்குகள் சிலவற்றில் மடலுக்குப் பதிலாகக் கூலன்ட்டை அடைத்துத் திறக்கும் வால்வு இருக்கும். அங்கும் கேபிளின் தத்துவம் இதுவேதான்.

கேபிள் என்பது ஓர் உறைக்குள் நகரும் திடமான எஃகுக் கம்பி. அது இழுப்பதோடு தள்ளவும் வேண்டும். மெல்லிய கம்பியால் தள்ள முடிகிறதென்றால் அதற்குக் காரணம், உறையின் இரு முனைகளும் அசையாதபடி பிடிக்கப்பட்டிருப்பதுதான். உறையைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்துவிட்டால் கம்பிக்குப் பதிலாக உறை நகரும். லீவர் முழுத் தூரம் சென்றாலும் மடல் பாதிகூடத் திரும்பாது. பலர் இந்த நிலையைக் கண்டு ஹீட்டர் கோர் அடைத்துக்கொண்டது என்று முடிவுசெய்து, தேவையில்லாமல் அதை மாற்றிவிடுகிறார்கள்.

இந்த வேலையில் மனத்தில் நிறுத்தவேண்டிய முதன்மையான செய்தி ஒன்று உண்டு. லீவர் முறிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, கேபிளிலோ மடலிலோ ஏதோ ஒன்று இறுகத் தொடங்கியிருக்கும். அதை உணராமல் ஒவ்வொரு நாளும் சற்றுக் கூடுதலாக அழுத்தித் தள்ளியதால்தான் வலுவில்லாத இடத்தில் முறிவு ஏற்பட்டது. இறுக்கத்தை நீக்காமல், லீவர்களைத் தாங்கும் கட்டுப்பாட்டுப் பலகையைப் புதிதாக மாட்டினால் அதுவும் அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்தில் முறியும்.

பலகையைக் கழற்றும் முன் செய்யவேண்டிய சோதனை

எஞ்சினை நன்றாகச் சூடாக விடுங்கள். இந்த வண்டிகளில் வழக்கமாகப் பொருத்தப்படும் தெர்மோஸ்டாட் (வெப்பத்துக்கேற்பத் திறக்கும் கூலன்ட் வால்வு) 195 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது ஏறத்தாழ 91 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கும். எஞ்சின் சூடானபின் ஹீட்டர் கோருக்குச் செல்லும் இரண்டு ரப்பர் குழாய்களையும், எஞ்சின் விசிறியிலிருந்து கையைத் தள்ளி வைத்தபடி, தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் கூலன்ட் சரியாக ஓடுகிறது; குறை கேபிள்களின் பக்கம் இருக்கிறது. ஒன்று சூடாகவும் மற்றது வெதுவெதுப்பாகவும் இருந்தால் கோர் அடைத்திருக்கிறது. இரண்டுமே ஆறியிருந்தால் தெர்மோஸ்டாட்டையும் கூலன்ட்டின் அளவையும் முதலில் பார்க்கவேண்டும். கேபினுக்குள் இனிப்பான வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பான படலமும் தெரிந்தால் கோர் கசிகிறது. அது வேறு வேலை.

அடுத்து லீவரின் உணர்வைக் கவனியுங்கள். எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் கம்பி கழன்றுவிட்டது அல்லது அறுந்துவிட்டது. பாதித் தூரத்தில் ரப்பரை அழுத்துவது போல எதிர்த்துவிட்டுத் திரும்பினால் கம்பி மடங்கியிருக்கிறது, அல்லது மடல் எதிலோ முட்டுகிறது. முழுத் தூரமும் கனமாக இருந்தால் உறைக்குள் துருவேறியிருக்கிறது. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் எதை வாங்கவேண்டும், எதை வாங்க வேண்டியதில்லை என்பதை இதுவே சொல்லிவிடும்.

முகப்பைக் கழற்றுதல்

ஐம்பது ஆண்டு வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் குளிரில் அப்பளமாக நொறுங்கும். ஆகவே வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்தி, டேஷ்போர்டு அறை வெப்பத்துக்கு வந்தபிறகே கை வையுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்மின்முனைக் கம்பியைக் கழற்றவேண்டும். விளக்குச் சுவிட்சுக்குச் செல்லும் கம்பியில் சாவியை எடுத்தபிறகும் மின்சாரம் இருக்கும் என்பதால் இந்த முன்னேற்பாட்டைத் தவிர்க்கக் கூடாது.

மீட்டர்களைச் சுற்றியுள்ள பெரிய முகப்புச் சட்டத்தைக் கழற்றினால்தான் ஹீட்டர் பலகையின் திருகுகள் தெரியும். அதற்குமுன் முகப்பு விளக்குச் சுவிட்சின் குமிழை எடுக்கவேண்டும்; வெறுமனே இழுத்தால் வராது. குமிழை விளக்கு எரியும் நிலைக்கு வெளியே இழுத்துவைத்து, டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு, சுவிட்சின் உடலில் இருக்கும் ஸ்பிரிங் பொத்தானை அழுத்தியபடி இழுத்தால் தண்டோடு வெளியே வந்துவிடும். பழைய ரேடியோவாக இருந்தால் அதன் குமிழ்களையும் எடுக்கவேண்டும். ஸ்டியரிங் தூணில் கியர் தண்டு இருந்தால் அதைக் கீழ்நிலைக்கு இறக்கிவைத்தால் சட்டம் எளிதாக வெளிவரும். சட்டத்தைப் பிடித்திருக்கும் எல்லாத் திருகுகளையும் எடுத்தபிறகும் ஓர் இடம் பிடித்துக்கொண்டால், அங்கே இன்னொரு திருகு ஒளிந்திருக்கிறது என்று பொருள், நெம்ப வேண்டாம்.

ஹீட்டர் பலகை சிறிய அறுகோணத் தலைத் திருகுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். 7 மில்லிமீட்டர் சாக்கெட் பொருந்தும். திருகுகளை எடுத்தபின் பலகையை, கேபிள்கள் இடம் தரும் அளவுக்கு மட்டும், மெல்ல முன்னால் இழுங்கள். எதையும் கழற்றுவதற்கு முன் பின்பக்கத்தைப் பல கோணங்களில் படம் எடுத்து, ஒவ்வொரு கேபிளிலும் அது எந்த லீவருக்குரியது என்று எழுதிய ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுங்கள். பிறகு மின் இணைப்பையும் விளக்கையும் எடுத்துவிட்டு, கேபிளின் உறையைப் பிடிக்கும் கிளிப்பையும், லீவரின் முளையில் மாட்டியிருக்கும் கம்பியின் வளையத்தையும் விடுவிக்கவேண்டும். முளையில் அழுத்தி மாட்டப்பட்ட சிறிய தகட்டு வளையங்கள் இருந்தால் அவற்றைத் திரும்பப் பயன்படுத்த எண்ண வேண்டாம். புதியவை சில காசுகளுக்குக் கிடைக்கும்.

இறுக்கம் எங்கே என்று கண்டுபிடித்தல்

வேலையின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். பயணி பக்கத்துக் கையுறைப் பெட்டியின் உள்கூட்டைக் கழற்றினால், மடல்களின் கைகளுக்கும் கேபிள்களின் மறுமுனைக்கும் கை எட்டும். அங்கேயும் கேபிள்களை விடுவித்துவிட்டு, லீவர், கேபிள், மடல் ஆகிய மூன்றையும் தனித்தனியே சோதியுங்கள். பலகையில் முறியாமல் எஞ்சியிருக்கும் லீவர் ஒரு விரல்நுனியின் அழுத்தத்தில் நகரவேண்டும். இரு முனையும் விடுபட்ட கேபிளின் கம்பி, உறையை நேராகப் பிடித்தால், இரு விரல்களால் எளிதாக முன்னும் பின்னும் ஓடவேண்டும். மடலின் கையை விரலால் சுழற்றினால் ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைவரை தடையின்றிச் சென்று, முடிவில் மெத்தென்ற ஓசையோடு அமரவேண்டும். இந்த மூன்றில் எது முரண்டுபிடிக்கிறதோ அதுவே லீவரை முறித்தது.

மடல் திரும்பாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள துளைகள் வழியே விழுந்த இலைகளும் ஊசியிலை மரத்தின் சருகுகளும்தான். எலிக்கூடு இருந்தால் மட்டும் அவசரப்படவே கூடாது. அமெரிக்காவில் மான்-எலி எனப்படும் காட்டெலியின் எச்சத்திலிருந்து ஹான்டா வைரஸ் காற்றில் கலந்து நுரையீரலைத் தாக்கக்கூடும். தென்மேற்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில் 1993ஆம் ஆண்டு உயிரிழப்புகள் ஏற்பட்டபோதுதான் அந்நாட்டில் இந்த நோய் அடையாளம் காணப்பட்டது. கூட்டை உலர்ந்த நிலையில் கிளறவோ, காற்றழுத்தக் குழாயால் ஊதவோ, வேக்குவம் கருவியால் உறிஞ்சவோ கூடாது. ரப்பர் கையுறை அணிந்து, கதவுகளைத் திறந்துவைத்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்த கரைசலால் நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு துடைத்தெடுத்துப் பையில் கட்டவேண்டும். பிளீச் உலோகத்தை அரிக்கும் என்பதால் பிறகு நீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள்.

மடலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் நுரைப்பஞ்சு காலப்போக்கில் தாராகக் குழைந்து மடலைச் சுவரோடு ஒட்டிவிடுவதும் உண்டு. காற்றுத் துளைகளிலிருந்து கருந்துகள் பறந்தால் அது இந்தப் பஞ்சுதான். அதைச் சுரண்டியெடுத்து, மூடிய துளைகளுள்ள புதிய நுரைப்பட்டையை ஒட்டவேண்டும். மடலின் அச்சு துருப்பிடித்திருந்தால் துருநீக்கும் எண்ணெயை ஓரிரு சொட்டு விட்டு, அசைத்து அசைத்துத் தளர்த்தி, எஞ்சியதைத் துடைத்துவிட்டு, சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் கடுங்குளிரில் கெட்டியாகிவிடும். நீங்கள் நீக்கிய இறுக்கத்தை அதுவே மீண்டும் கொண்டுவரும்.

கேபிள்

உறைக்குள் துரு மட்டும் இருந்தால் கேபிளைக் கழற்றிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்முனையில் துருநீக்கும் எண்ணெயைச் சொட்டுசொட்டாக விட்டு, கம்பியை ஆட்டிக்கொண்டே இருங்கள். கீழ்முனையில் பழுப்பு நீர் வடிவது நின்றபின், உலர்ந்த கிராஃபைட்டையோ சிலிகோனையோ செலுத்தினால் போதும். ஆனால் கம்பி ஓரிடத்தில் மடிந்திருந்தால் நிமிர்த்திப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிமிர்த்திய கம்பியில் ஒரு சிறு அலை எஞ்சியே நிற்கும். அந்த அலை உறையில் உரசி இறுகும், சில காலத்தில் அங்கேயே அறும்.

புதிய கேபிளை ஆயத்தமாக வாங்கலாம். அல்லது பொதுப் பயன்பாட்டுக்கான நீளக் கேபிளை வெட்டிக்கொள்ளலாம். வெட்டுவதென்றால் பழைய கேபிளில் இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: உறையின் நீளம் ஒன்று, உறைக்கு வெளியே கம்பி நீண்டிருக்கும் நீளம் இன்னொன்று. இரண்டாவது அளவு இம்மியும் கூடக் கூடாது. வெளியே நீண்ட கம்பி தள்ளும்போது வில்லாக வளைந்துவிடும். முனையின் வளையத்தை உருண்டை மூக்குக் குறடால் ஒரே முயற்சியில் வளைக்கவேண்டும். கடின எஃகுக் கம்பியை வளைத்து, நிமிர்த்தி, அதே இடத்தில் மீண்டும் வளைத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். வளையம் முளையில் ஆட்டமின்றி, அதே நேரம் தடையின்றிச் சுழலவேண்டும்.

முறிந்த லீவரையும் பலகையையும் சரிசெய்தல்

இந்த வண்டிகளுக்குப் புதிதாக வார்த்த பலகைகள் அமெரிக்கச் சந்தையில் கிடைக்கின்றன. வாங்குவதாக இருந்தால், வண்டியின் முன்முகம் 1981இல் மாற்றப்பட்டதால் ஆண்டையும், ஏசி உண்டா இல்லையா என்பதையும், பின்பக்கத்து முளைகளின் இடத்தையும் பழையதோடு வைத்து ஒப்பிடுங்கள். எனினும் மூலப் பலகையைக் காப்பாற்ற முடியுமானால் அதையே காப்பாற்றுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதன் எழுத்தும் நிறமும் பொருத்தமும் மறுவார்ப்பில் அப்படியே அமைவது அரிது.

ஒட்டுவதற்கு முன் பிளாஸ்டிக்கின் வகையை அறியவேண்டும். கண்ணில் படாத மூலையிலிருந்து ஒரு சீவலை எடுத்து நீரில் போடுங்கள். மிதந்தால் அது பாலிபுரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன்; சாதாரணப் பசை எதுவும் அதில் நிற்காது. மூழ்கினால், இன்னொரு மூலையில் அசிட்டோன் நனைத்த பஞ்சால் தொட்டுப் பாருங்கள். மேற்பரப்பு குழைந்து ஒட்டினால் அது ஏபிஎஸ் வகையாக இருக்க வாய்ப்பு மிகுதி. எந்த மாற்றமும் இல்லாமல் வழவழப்பாகவே இருந்தால் நைலானோ அசிட்டாலோ ஆகலாம். அதில் பசையை நம்பாமல் உலோகத்தையே நம்பவேண்டும்.

ஏபிஎஸ் என்றால், அதே வகைப் பிளாஸ்டிக் சீவல்களை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி, முறிந்த இரு முகங்களிலும் தடவி இணைத்து, ஒரு முழு நாளாவது அசைக்காமல் விட்டுவிடுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்பும் தீப்பொறியும் அருகில் இல்லாமல் செய்யவேண்டும். இந்த இணைப்பு பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்குவதால் நல்ல வலு தரும். ஆயினும் லீவரின் மீது நாள்தோறும் விழும் விசை முறிந்த கோட்டின் குறுக்கேதான் செல்கிறது. ஆகவே அந்தக் கோட்டைத் தாண்டி, ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகட்டை லீவரின் வடிவத்தில் வெட்டி, பின்பக்கத்தில் வைத்து, கோட்டுக்கு இருபுறமும் இரண்டிரண்டு மெல்லிய திருகுகளாலோ ரிவெட்டுகளாலோ பிணைக்கவேண்டும். தகட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே, மெதுவாக இறுகும் இருபகுதி எபாக்சியைத் தடவலாம். அதற்குமுன் இரு பரப்பையும் 120ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து ஆல்கஹாலால் துடைக்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி வலுக்குறைந்தது. நொடியில் ஒட்டும் பசை இங்கே அறவே வேண்டாம். அதன் ஒட்டு அதிர்வில் கண்ணாடியைப் போல விரிசல்விடும்.

தகட்டைப் பொருத்தியபின், லீவர் ஓடும் பள்ளத்தில் அது உரசுகிறதா என்று பாருங்கள். அச்சின் ரிவெட் தளர்ந்திருந்தால் அதைத் துளையிட்டு நீக்கிவிட்டு, 3 மில்லிமீட்டர் திருகு, இருபுறமும் நைலான் வாஷர், தானே தளராத நட் ஆகியவற்றால் மாற்றலாம். நட்டை இறுக முறுக்கிப் பிறகு சற்றே தளர்த்துங்கள். லீவர் விட்ட இடத்தில் நிற்கவேண்டும், தள்ளினால் தயங்காமல் நகரவேண்டும். கேபிளின் உறையைப் பிடிக்கும் காது முறிந்திருந்தால் சிறிய எல் வடிவத் தகட்டை வளைத்து அதே இடத்தில் பிணைத்துவிடலாம். லீவருக்கு ஈடான வேலை அந்தக் காதுக்கும் உண்டு.

விசிறிச் சுவிட்ச்

பலகை கையில் இருக்கும்போதே விசிறிச் சுவிட்சையும் அதன் இணைப்பையும் பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் உருகி, முனைகள் கறுத்திருப்பது இந்த வயது வண்டிகளில் வழக்கம். இங்கும் அதே விதி செல்லும்: சுவிட்ச் தானாக உருகுவதில்லை. தேய்ந்த பேரிங்கோடு சுழலும் ப்ளோயர் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுப்பதாலோ, தளர்ந்த முனையில் வெப்பம் சேர்வதாலோதான் உருகுகிறது. மோட்டாரின் விசிறியைக் கையால் சுழற்றினால் சில சுற்றுகள் தானாகவே ஓடவேண்டும். உடனே நின்றாலோ கீச்சிட்டாலோ மோட்டாரை மாற்றிவிட்டுத்தான் புதிய சுவிட்சை மாட்டவேண்டும். பின்னர் பேட்டரியை இணைத்து, விசிறி ஓடும்போது சுவிட்சின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

அதிவேகம் மட்டும் இயங்கி மற்ற வேகங்கள் இயங்கவில்லையென்றால் விசிறியின் வேகத்தைக் குறைக்கும் மின்தடையான ப்ளோயர் ரெசிஸ்டரைப் பாருங்கள். அதிவேகத்தில் மின்சாரம் ரெசிஸ்டரின் வழியாகச் செல்வதில்லை. அதன் கம்பிச்சுருள்கள் காற்றோட்டத்தில் நின்றுதான் குளிர்கின்றன என்பதால் அதை வெளியே தொங்கவிட்டு ஒருபோதும் சோதிக்காதீர்கள், சிவந்து எரியும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃப்யூஸைப் போடுவது டேஷ்போர்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

ஏசி உள்ள வண்டிகளில்

மேட்டில் ஏறும்போதோ ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதோ காற்று வேறு துளைக்கு மாறினால் வெற்றிடக் குழாய் எங்கோ கசிகிறது. எஞ்சினிலிருந்து வரும் மெல்லிய குழாயையும், வெற்றிடத்தைச் சேமிக்கும் கலத்தையும், பலகையின் பின்னால் உள்ள குழாய் இணைப்பையும் வரிசையாகப் பாருங்கள். வெடித்த முனையை ஓர் அங்குலம் வெட்டிவிட்டு மீண்டும் செருகினாலே பல நேரங்களில் சரியாகிவிடும்.

பொருத்துதலும் சீரமைத்தலும்

கேபிள்களைப் பழைய பாதையிலேயே, கூர்மையான வளைவு எதுவும் இல்லாமல் செலுத்துங்கள். மூடிய முஷ்டியைவிடச் சிறிய வட்டமாக எங்கும் வளையக் கூடாது. முதலில் இரு முனைகளிலும் கம்பியின் வளையங்களை மாட்டி, பலகைப் பக்கத்து உறையைக் கிளிப்பால் பிடித்துவிடுங்கள். மடல் பக்கத்து உறை மட்டும் இன்னும் தளர்ந்திருக்கட்டும். வெப்பநிலை லீவரை வெப்பத்தின் எல்லைக்கு 3 மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி, மடலை அதன் வெப்ப எல்லையில் நன்றாக அமரும்படி விரலால் பிடித்துக்கொண்டு, அப்போது உறையை இறுக்குங்கள். லீவர் பள்ளத்தின் முனையைத் தொடுவதற்கு முன்பே மடல் அமர்ந்துவிடவேண்டும் என்பதே இந்த 3 மில்லிமீட்டரின் நோக்கம். லீவர் முதலில் முட்டினால் மடல் ஒரு கீற்று திறந்தே இருக்கும். அந்தக் கீற்றின் வழியாக நுழையும் குளிர்காற்று வெப்பத்தைக் கெடுத்துவிடும்.

பிறகு குளிர் எல்லையைப் பாருங்கள். இரு எல்லைகளிலும் மடல் முழுமையாக அமர்வது இயல்பு. தேய்ந்த பாகங்களால் ஓர் எல்லையில்தான் முடிகிறதென்றால் வெப்ப எல்லைக்கே முன்னுரிமை கொடுங்கள். கோடையில் சற்று வெதுவெதுப்பான காற்று வருவதால் யாருக்கும் ஆபத்தில்லை. முன்கண்ணாடிக்குச் செல்லும் மடலையும் இதே முறையில், கண்ணாடிப் பக்கத்து எல்லையை முதன்மையாக வைத்துச் சீரமைக்கவேண்டும்.

முகப்புச் சட்டத்தை மூடுமுன் பேட்டரியை இணைத்து, எஞ்சினைச் சூடாக்கி, ஒவ்வொரு லீவரையும் பலமுறை எல்லைக்கு எல்லை நகர்த்திப் பாருங்கள். முன்கண்ணாடியின் அடியில் இரு கைகளையும் வைத்து, இரு பக்கத்துத் துளைகளிலும் காற்று ஒரே அளவு வருகிறதா என்று கவனியுங்கள். பலகையின் விளக்கும் எரியவேண்டும். பல்பை மாற்றுவதற்கு இதைவிட எளிய வாய்ப்பு மீண்டும் வராது. கேபிள்கள் பிரேக் பெடலின் கையிலோ, ஸ்டியரிங் தூணிலோ, வைப்பரின் இணைப்பிலோ உரசவில்லை என்பதை டார்ச் வெளிச்சத்தில் உறுதிசெய்துகொண்டு, பேட்டரியை மீண்டும் கழற்றிவிட்டுச் சட்டத்தைப் பொருத்துங்கள். திருகுகள் எல்லாவற்றையும் முதலில் கையால் தொடங்கி, பிறகே ஒவ்வொன்றாக இறுக்கவேண்டும். ஒரு வாரம் ஓட்டியபின் கையுறைப் பெட்டியின் உள்கூட்டை மீண்டும் கழற்றி, மடல் பக்கத்துக் கிளிப்புகள் இடம் நகராமல் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். புதிய உறை தன் வளைவில் படியும்போது ஓரிரு மில்லிமீட்டர் நழுவுவது உண்டு.